வெற்றுப் போத்தல்

வவுனியாவில் என் பெரியம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை இரண்டு போத்தல்களில் நிரப்பிக் கண்டிக்குக் கொண்டுவந்து இரண்டு ஆய்வுகூடங்களில் கொடுத்தேன். ஒரே வாளியில் அள்ளிய தண்ணீர். புளோரைட்டு எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு கூடத்தின் தாளில் லீற்றருக்கு 0.82 மில்லிகிராம் என்று வந்தது. மற்றதில் 1.29. இலங்கையின் குடிநீர் நியமம் 1.0. ஒரு தாளின்படி கிணறு நல்லது, மற்றத் தாளின்படி கூடாது. இரண்டிலும் முத்திரை, கையொப்பம், தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம். பெரியம்மா தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, அப்ப இந்தத் தண்ணியைக் குடிக்கலாமோ, குடிக்கேலாதோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கண்டியைச் சுற்றியுள்ள விஞ்ஞானிகள் கடந்த நாற்பது ஆண்டுகளாகத் தங்களுக்குள் போட்ட சண்டைகளில் பாதி, பெரியம்மாவின் இந்தக் கேள்வியின் பெரிய வடிவந்தான் என்பது தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. நோய்க்குக் காரணம் எது என்ற சண்டை என்று பத்திரிகைகள் எழுதும். கிட்டப்போய்ப் பார்த்தால், பூச்சியத்துக்கு மிக அருகில் உள்ள ஓர் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற சண்டையாக இருக்கும். பகுப்பாய்வு இரசாயனவியல் என்ற துறையின் மொத்தப் பிழைப்பே அந்த எண்தான்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் வேலை செய்த வில்லியம் ஹோர்விட்ஸ், பல ஆய்வுகூடங்கள் ஒரே மாதிரியைச் சோதித்துச் சொன்ன விடைகளைத் திரட்டி 1980இல் ஒரு விதியைச் சொன்னார். தேடும் பொருளின் அளவு நூறில் ஒரு பங்காகக் குறையும் ஒவ்வொரு தடவையும், கூடங்களுக்கு இடையிலான விலகல் இரு மடங்காகும். தூய பொருளில் 2 சதவீதம். பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற நிலைக்கு வரும்போது 16 சதவீதம். நூறு கோடியில் ஒரு பங்கு என்றால் 45. இதை வரைந்து பார்த்தால் நாதஸ்வரத்தின் அணசு போல வாய் அகன்று விரியும். என் கிணற்று நீர் அந்த 16 சதவீத இடத்தில் நிற்கிறது. கணக்குப் போட்டால், அந்த நிலையில் இரண்டு கூடங்களின் விடைகள் ஒன்றுக்கொன்று 45 சதவீதம் வரை தள்ளி நிற்பதும் நடக்கக்கூடியதே. என் இரண்டு தாள்களும் சரியாக அந்த எல்லையில் ஒட்டிக்கொண்டு நின்றன. அப்படியானால் இரண்டாவது தசம இலக்கம் எதற்கு? அலங்காரத்துக்கு.

கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலைக்கு ஏறும் வீதியில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் உருவானது. அதனோடு தொடர்புடைய பௌதிகவியலாளர் கீர்த்தி தென்னகோனும் விக்கிரமநாயக்க என்ற சக ஆய்வாளரும் 1987இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். லீற்றருக்கு 1 மில்லிகிராம் அளவு புளோரைட்டு உள்ள நீரை அலுமினியப் பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவைத்தால், லீற்றருக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் அலுமினியம் கரைந்துவிடுகிறது என்றது குறிப்பு. அல்சைமர் நோயோடு அலுமினியத்தைச் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. உலகெங்கும் சமையலறைகள் திடுக்கிட்டன. குடிநீரில் புளோரைட்டு சேர்ப்பதை எதிர்த்தவர்களுக்கோ பெருநாள் கொண்டாட்டம்.

மற்ற நாடுகளின் கூடங்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தன. அந்த அளவின் கிட்டத்தில்கூட எதுவும் வரவில்லை. அதே ஆண்டு, அதே இதழில், தங்கள் அளவீட்டில் பிழை நேர்ந்துவிட்டதென்று கண்டிக்காரர்களே எழுதினார்கள். எனக்கு அவர்கள்மேல் மதிப்புக் கூடியது இந்த இரண்டாவது குறிப்பால்தான். முதலாவது கட்டுரையை இன்றும் சிலர் மேற்கோள் காட்டுகிறார்கள். இரண்டாவதைத் தேடிப் படிக்க ஆளில்லை.

கதை அத்தோடு முடியவும் இல்லை. 2009இல் பேராதனைப் பல்கலைக்கழக இரசாயனவியல் பேராசிரியர் ஒலிவர் இலேபெருமவும் சகாக்களும் அலுமினியத்தை மறுபடி கையில் எடுத்தார்கள். இந்த முறை கேள்வியைச் சுருக்கிக்கொண்டார்கள்: புளோரைட்டு மிகுந்த வடமத்திய மாகாணத்துத் தண்ணீரில், தரங்குறைந்த அலுமினியச் சட்டிகள் எவ்வளவு கரைகின்றன? அவர்கள் தேடியது வேறொரு நோயின் காரணத்தை.

அந்த நோயைப் பற்றி இலங்கையில் அறியாதவர் குறைவு. 1990களிலிருந்து மதவாச்சி, பதவியா, கிராந்துருகோட்டைப் பக்கங்களில் நெல் விவசாயிகளின் சிறுநீரகங்கள் மெல்ல மெல்லச் செயலிழந்தன. நீரிழிவும் இல்லை, உயர் இரத்த அழுத்தமும் இல்லை. பெயரிலேயே 'காரணம் அறியப்படாத' என்று வைத்துக்கொண்ட நோய் அது. நோயாளிகள் பஸ் ஏறிக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு வந்தார்கள்; மாதிரிகள் பேராதனைக்கு வந்தன.

சந்தேகம் எதிர்த்திசையில், மலையிலிருந்து கீழே போனது. பேராதனை வளாகத்தை உரசிக்கொண்டு மகாவலி கங்கை ஓடுகிறது. மலைநாட்டுத் தேயிலைக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் போட்ட உரம், அடித்த மருந்து, கண்டியின் நடுவே ஓடும் மெத எலக் கால்வாயின் அழுக்கு எல்லாம் சேர்வது இந்த ஆற்றில். கண்டிக்குச் சற்றுக் கீழே பொல்கொல்லையில் 1976 முதல் ஆற்றை மறித்து, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே உக்குவெலைக்குத் திருப்பிவிடுகிறார்கள். அங்கிருந்து வறண்ட வலயத்துக் குளங்களுக்குப் போகிறது. நம் உரம் அவர்கள் சிறுநீரகத்தில் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அத்தனை கச்சிதமான கதை. கச்சிதமாக இருந்ததனாலேயே அதை அளந்து பார்க்கவேண்டியிருந்தது.

2008இல் பேராதனை விவசாய பீடத்தைச் சேர்ந்த பேராசிரியர் பண்டாரவின் குழு, குளத்து நீரில் கரைந்த கட்மியம் லீற்றருக்கு 0.03 முதல் 0.06 மில்லிகிராம் என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு 0.003. பத்து முதல் இருபது மடங்கு! அரிசியிலும் திலாப்பியா மீனிலும் கட்மியம் இருப்பதாக அதே கட்டுரை சொன்னது. உரத்திலுள்ள பொஸ்பேற்றோடு கட்மியமும் வருகிறது என்பது பாடநூல் அறிவு. ஆகவே எல்லாம் பொருந்தியது. பிறகு அதே பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறையில் ரோஹண சந்திரஜித்தும் சகாக்களும் அளந்தார்கள். நோயுள்ள ஊர்களின் குடிநீரில் கட்மியம் வழிகாட்டி அளவுக்குக் கீழேயே நின்றது. 2016இல் மகாவலி நீரையே எடுத்து, நோய்க்கு இந்த ஆறு காரணமா என்று கேட்டு ஓர் ஆய்வு வந்தது. கட்மியம், ஆசனிக், ஈயம் ஆகியவற்றைப் பொறுத்தவரை ஆற்றின்மேல் பழி சுமத்த அதில் இடமிருக்கவில்லை.

ஒரே வளாகம், ஒரே வட்டாரம், பல மடங்கு வேறுபாடு. யார் சரி என்று நான் இங்கே தீர்ப்புச் சொன்னால் அது என் தகுதிக்கு மீறியது. பின்னால் வந்த பல அளவீடுகள் தாழ்ந்த எண்களின் பக்கமே குவிந்தன என்பதை மட்டும் சொல்லலாம். குளத்து நீரை வடித்தபின் அளந்தார்களா, வடிக்காமலா? சேறு கலந்திருந்தால் சேற்றோடு ஒட்டிய உலோகமும் 'கரைந்தது' என்ற கணக்கில் ஏறும். போத்தலை நைத்திரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினார்களா? அந்த அமிலத்திலேயே எவ்வளவு உலோகம் இருந்தது? இப்படிப்பட்ட கேள்விகளைக் கட்டுரையின் முடிவுரையில் தேடக்கூடாது. செய்முறை என்ற தலைப்பின் கீழே, சின்ன எழுத்தில், பலரும் தாண்டிப் போகிற பந்தியில் தேடவேண்டும்.

2013இல் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு நடந்த ஆய்வு வெளிவந்தது. நோயாளிகளின் சிறுநீரில் கட்மியம் சராசரியாக, கிரியேற்றினின் கிராமுக்கு 1.039 மைக்ரோகிராம். நோய்ப் பகுதியில் நோயில்லாதவர்களிடம் 0.646, வெளியூர்க்காரரிடம் 0.345. அரசியல்வாதிகளுக்கு இது போதுமாக இருந்தது. அந்த 'கிரியேற்றினின் கிராமுக்கு' என்ற சொற்களில் எனக்குத் தொண்டையில் முள் சிக்குகிறது. சிறுநீர் நீர்த்திருக்கிறதா கெட்டியாக இருக்கிறதா என்பதைச் சரிக்கட்டவே கிரியேற்றினினால் வகுக்கிறார்கள். நோயில் மெலிந்து தசை வற்றிய உடல் கழிக்கும் கிரியேற்றினின் குறைவு. வகுக்கும் எண் சிறுத்தால் விடை பெருக்கும். புகைப்பவரின் உடலிலும் கட்மியம் கூடும். சிறுநீரகம் பழுதானபின் உலோகத்தை அது கழிக்கும் விதமே மாறிவிடலாம். மேலும் நோயாளிகளின் அளவுகூடச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பொதுவாகக் கருதப்படும் அளவுகளின் கீழ் எல்லையில்தான் நின்றது.

ஆசனிக் விவகாரம் இதற்கு முன்பே, 2011இல் வெடித்திருந்தது. களனிப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த நளின் டி சில்வாவின் குழு, நோய்க்குக் காரணம் ஆசனிக் என்றது. அந்தத் தகவலை நாத தெய்வம் தந்ததாகவும் வெளிப்படையாகச் சொன்னது. கண்டியில் தலதா மாளிகைக்கு எதிரே அந்தத் தெய்வத்தின் தேவாலயம் இருக்கிறது. நகரின் மிகப் பழைய கட்டடம் அதுதான். படித்தவர்கள் பலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பென்சீன் வளையம் கனவில் வந்த பாம்பாகத் தோன்றியது என்று கெக்குலே சொன்னபோது யாரும் அவரை விரட்டவில்லை. ஊகம் எங்கிருந்தும் வரலாம். அளவீட்டுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

ஆசனிக்கை அளப்பதில் உள்ள பொறிகளைச் சொன்னால் விளங்கும். இன்று இதற்கு எல்லோரும் நம்பும் கருவி, ஆர்கன் வாயுவை ஆயிரக்கணக்கான பாகை வெப்பத்தில் பிளாஸ்மாவாக்கி, அதற்குள் மாதிரியைத் தெளித்து, வெளிவரும் அயன்களை நிறை வாரியாகப் பிரித்து எண்ணும் திணிவு நிறமாலைமானி. ஆசனிக்குக்கு ஒரே ஒரு நிறை: 75. கருவியை ஓட்டும் ஆர்கனின் நிறை 40. உப்பில் உள்ள குளோரினின் நிறை 35. இரண்டும் பிளாஸ்மாவுக்குள் ஒட்டிக்கொண்டால் 75! கருவிக்கு அது ஆசனிக்காகத்தான் தெரியும். சிறுநீர் என்பதே உப்புத் தண்ணீர். வறண்ட வலயத்துக் கிணறு பலவும் அப்படியே. ஹீலியம் நிரப்பிய மோதல் அறையின் வழியே அயன்களைச் செலுத்தி இந்தப் போலியை வடிகட்டலாம். செலுத்தினார்களா என்பதைக் கட்டுரை சொல்லவேண்டும்.

அதைத் தாண்டினாலும் அடுத்த பொறி காத்திருக்கும். முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டவரின் சிறுநீரில் மொத்த ஆசனிக் ஏறித்தான் இருக்கும். கடல்மீனில் உள்ளது ஆசனோபீற்றெயின் என்ற, நஞ்சில்லாத வடிவம். ஓரிரு நாளில் வெளியேறிவிடும். நஞ்சான வடிவத்தையும் கருவாட்டு வடிவத்தையும் முதலில் பிரிப்பு நிரல் ஒன்றின் வழியே செலுத்திப் பிரித்துவிட்டுத்தான் கருவிக்குள் அனுப்பவேண்டும். பிரிக்காத எண், ஆள் என்ன சாப்பிட்டார் என்பதைச் சொல்லும். எதனால் நோயுற்றார் என்பதைச் சொல்லாது.

அடுத்து வந்தது கிளைபொசேற். இந்தக் களைகொல்லி, கடின நீர், உலோகங்கள் மூன்றும் கூட்டுச் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்குகின்றன என்ற கருதுகோளை சன்ன ஜயசுமனவும் சரத் குணதிலக்கவும் இன்னொருவரும் 2014இல் வெளியிட்டார்கள். அதை அவர்கள் கருதுகோள் என்றே சொன்னார்கள். 2015இல் அரசு தடையே போட்டுவிட்டது. கருதுகோளுக்கும் வர்த்தமானிக்கும் இடையில் நடந்திருக்கவேண்டிய அளவீடுகள் போதிய அளவு நடக்கவில்லை. அதை அளப்பதும் லேசில்லை. கிளைபொசேற் நீரில் அவ்வளவு விருப்பத்தோடு கரையும், நிரலில் நிற்காது, ஒளியையும் உறிஞ்சாது. இன்னொரு மூலக்கூறை வால் போலக் கட்டிவிட்டுத்தான் வழக்கமாகப் பிடிக்கிறார்கள்.

தடையின் விளைவு எங்கள் தோட்டங்களில் முதலில் தெரிந்தது. மலைச் சரிவில் கையால் புல் வெட்ட ஆள் போதாமல், நிர்வாகங்கள் எம்.சி.பி.ஏ. என்ற வேறு களைகொல்லிக்கு மாறின. ஜப்பான் தனது பட்டியலில் தனி எல்லை வகுக்காத எந்த மருந்துக்கும் 2006 முதல் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற ஒரே எல்லையை வைத்திருக்கிறது. நூறு தொன் தேயிலைக்கு ஒரு கிராம் என்று கணக்கு. இலங்கைத் தேயிலையில் அதற்கு மேல் எம்.சி.பி.ஏ. இருப்பதாக ஜப்பானியர் திருப்பி அனுப்பத் தொடங்கியதும் தோட்டக் கம்பனிகள் பதறின. 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபொசேற் தடை தளர்ந்தது. இதில் கவனிக்கவேண்டியது அந்த 0.01. அது எம்.சி.பி.ஏ.யின் நஞ்சை அளந்து வகுத்த எண் அல்ல. தனி எல்லை இல்லாத எல்லா மருந்துக்கும் பொதுவாக வைத்த எண். ஹந்தானையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் அடுத்த மாதச் சம்பளம், யோக்கஹாமாவில் ஒரு கருவியின் கண் எவ்வளவு கூர்மை என்பதில் தொங்கியது.

கருவிகளின் கண் கூர்மையாகிக்கொண்டே போகிறது. இன்றைய உயர்பிரிதிறன் திணிவு நிறமாலைமானிக்கு என்ன தேடவேண்டும் என்று சொல்லவே தேவையில்லை. ஒரு துளி ஆற்று நீருக்கே வரைபடத்தில் ஆயிரக்கணக்கான உச்சிகளைக் காட்டிவிடும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெயரில்லை. பெயர் வைத்தவற்றையும் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம் என்பதற்கு 2014இல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள் ஐந்து படி கொண்ட அளவுகோலைத் தந்தார்கள். முதற் படி: நியமப் பொருளை வாங்கி, பக்கத்தில் ஓட்டி, ஒப்பிட்டுச் சரிபார்த்தது. ஐந்தாவது: நிறை மட்டும் தெரியும். பத்திரிகைக்கு வரும்போது ஐந்தும் 'கண்டுபிடிக்கப்பட்டது' என்ற ஒரே சொல்லாகிவிடுகிறது.

பேராதனைக்கும் நல்ல கருவிகள் வந்திருக்கின்றன. மீவத்துறையில் சீன உதவியோடு நீர்த் தொழினுட்பக் கூட்டு ஆய்வு நிலையம் எழும்பியிருக்கிறது. கருவி வந்துவிடுவது பெரிய காரியந்தான். ஆனால் அந்த ஆர்கன் பிளாஸ்மா நிமிடத்துக்குப் பதினைந்து லீற்றருக்கு மேல் வாயு குடிக்கும். எண்ணின் உண்மையைச் சரிபார்க்கச் சான்றிதழ் பெற்ற ஒப்பு மாதிரிகள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ஒரு சின்னக் குப்பிக்கு டொலரில் விலை. 2022இல் டொலர் இல்லாமல் மருந்துக்கே நாடு தவித்தபோது ஒப்பு மாதிரியைப் பற்றி யார் பேசுவார்கள்? கருவியைக் கொடுக்கும் நாடுகள் திறப்பு விழாவில் நாடா வெட்டும். ஒப்பு மாதிரி வாங்க யாரும் நாடா வெட்டியதாக நான் கேள்விப்படவில்லை.

விலையே இல்லாத ஒரு சோதனையும் இருக்கிறது. ஹந்தானைத் தோட்டத்து லயங்களுக்கு மேலே ஒரு பீலிக்கரையில் அதைப் பார்த்தேன். மாதிரி எடுக்க வந்த மாணவி பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்து, முதலில் ஒரு நிறைந்த போத்தலை எடுத்தாள். ஆய்வுகூடத்திலிருந்தே நிரப்பிக்கொண்டுவந்த தூய நீர். மூடியைத் திறந்து, பீலிக்குப் பக்கத்துக் கல்லில் வைத்தாள். மற்றப் போத்தல்களைப் பீலியில் பிடித்து முடிக்கும்வரை அது திறந்தபடியே நின்றது. பிறகு அதையும் மூடிப் பெட்டிக்குள் வைத்தாள். குடத்தோடு நின்ற மூதாட்டி பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "ஏம்மா, தண்ணி எடுக்க வந்துட்டு, தண்ணியக் கொண்டாந்து காட்டிட்டுப் போறீங்க?"

"பாட்டி, வர்ற வழியில நாங்க என்ன அழுக்கைச் சேர்த்துக்கிட்டோம்னு இது சொல்லும்."

"அப்ப அதுல ஒண்ணும் இருக்கக்கூடாது?"

"இருந்தா, மத்ததையெல்லாம் கொட்டிட்டு மறுபடி வரணும்."

அந்தப் பீலியிலிருந்து இறங்கும் வழியில்தான் தேசிய நிறுவகம். 1980களில் அதன் பணிப்பாளராக இருந்த சிறில் பொன்னம்பெரும, அதற்கு முன் அமெரிக்காவில் நாசாவின் ஏம்ஸ் நிலையத்தில் வேலை செய்தவர். 1969 செப்ரெம்பரில் ஆஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதாக 1970இல் அறிவித்த குழு அவருடையது. அமினோ அமிலம் விரல் ரேகையிலும் இருக்கிறது; கல்லை ஒருவர் வெறுங்கையால் தொட்டாலே போதும். முந்தைய விண்கல் அறிவிப்புகள் பல அந்தச் சந்தேகத்தில்தான் அடிபட்டுப் போயின. பூமியின் உயிர்கள் தம் புரதங்களில் இடக்கை வடிவ அமினோ அமிலங்களையே பயன்படுத்துகின்றன. மேர்ச்சிசனில் இடக்கையும் வலக்கையும் ஏறத்தாழச் சரிபாதி இருந்தன. புரதங்களில் இடம்பெறாத அமினோ அமிலங்களும் இருந்தன. மனிதக் கை அப்படி ஒரு கலவையைப் பூசிவிட முடியாது. என்ன இருக்கிறது என்பதை விட, அது எங்கிருந்து வந்திருக்க முடியாது என்பதைக் காட்டியதில்தான் அந்தக் கட்டுரையின் பலம் இருந்தது.

அதே நிறுவகத்தின் முதல் பணிப்பாளர் சந்திரா விக்கிரமசிங்க. 2012 டிசம்பரில் பொலன்னறுவைப் பக்கம் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கற்களில் டயற்றம் என்ற நுண்பாசிகளின் ஓடுகளைக் கண்டதாக அவரது குழு அறிவித்தது. அவை நம் வயல் நீரில் வாழும் சாதாரண இனங்கள் என்றும், கல்லே விண்ணிலிருந்து வந்ததல்ல என்றும் எதிர்த்தரப்பு சொன்னது. வயலோரத்துச் சாதாரணக் கல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து அதே சோதனையைச் செய்தீர்களா என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றியது.

சிறுநீரக நோய் ஆய்வு இன்று ஒற்றை உலோகத்தைத் தேடுவதிலிருந்து விலகி வந்திருக்கிறது. நீரின் கடினத்தன்மை, மகனீசியம், புளோரைட்டு, வெயிலில் வேலை செய்து நீர் வற்றும் உடல், மத்திய அமெரிக்காவில் கரும்புத் தொழிலாளரிடம் காணும் இதே மாதிரி நோய் என்று பார்வை பரவியிருக்கிறது. ஊற்று நீர் குடித்த குடும்பங்களில் நோய் குறைவு என்பதைக் கிராமத்தவர்களும் ஆய்வாளர்களும் நெடுநாளாகக் கவனித்திருக்கிறார்கள். அரசும் தொண்டு அமைப்புகளும் ஊர் ஊராக நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்துவிட்டன. காரணம் தெரியாமலே தண்ணீரை மாற்றியது, என் கணிப்பில், இந்த நெடுங்கதையில் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று. பெரியம்மாவையும் அந்தத் தண்ணீரையே வாங்கிக் குடிக்கச் சொல்லிவிட்டேன்.

ஆனாலும் மனம் ஆறவில்லை. அடுத்த முறை வவுனியா போய்வந்தபோது 1.29 தந்த கூடத்துக்கே மறுபடி போனேன். மூன்று போத்தல்கள் கொடுத்தேன். அ, ஆ இரண்டும் பெரியம்மாவின் கிணறு. இ என்று எழுதியதை 'பக்கத்து வளவுக் கிணறு' என்று பதியவைத்தேன். அது அந்த மாணவியிடம் கேட்டு வாங்கிய தூய நீர். பத்து நாள் கழித்துத் தாள் வந்தது. முத்திரை, கையொப்பம், இரண்டு தசம இலக்கம்.

அ: 1.27. ஆ: 1.30. இ: 0.43.